நூலிழையும் ஒட்டுநாடாவும்: சாட்சி சொல்லத் தெரியுமா?

சுவா சூ காங்கில் வசிக்கும் ஒரு பெண்மணி காலை ஏழு மணிக்கு வேலைக்குக் கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டுச் சோபாவில் அமர்ந்து காலணி மாட்டுகிறார். எல்ஆர்டியில் நெருக்கியடித்து நின்று புக்கிட் பாஞ்சாங் செல்கிறார். அங்கிருந்து டௌன்டவுன் ரயில் பாதையில் லிட்டில் இந்தியா வந்து சேர்கிறார். இந்த ஒரு மணி நேரத்தில் அவர் யாரிடமும் பேசவில்லை. ஆனால் அவருடைய சுடிதாரில் சோபாவின் துணியிழை இருக்கும். பக்கத்தில் நின்ற மாணவனின் பள்ளிச் சீருடை இழை இருக்கும். முன்பின் தெரியாத ஒருவரின் சட்டை இழையும் இருக்கும். அதேபோல் அவருடைய சுடிதார் இழைகளும் வேறு பலருடைய உடைகளில் ஏறி, அவர் போகாத ஊர்களுக்கெல்லாம் போயிருக்கும்.

கண்ணுக்கு எளிதில் தெரியாத இந்தக் கொடுக்கல் வாங்கல்தான் தடயவியலில் நூலிழைச் சான்று எனப்படுகிறது. தொலைக்காட்சித் தொடர்களில் வெள்ளை அங்கி அணிந்த நிபுணர் ஒரே ஒரு நூலை இடுக்கியால் தூக்கிப் பார்க்கிறார். அடுத்த காட்சியில் குற்றவாளியின் கையில் விலங்கு. இதைப் பார்ப்பவர்களில் ஒரு சாரார், அறிவியல் பொய் சொல்லாது, நூல் ஒன்று போதும் என்கிறார்கள். மறு சாரார், ரயிலில் ஒட்டிய நூலை வைத்து ஒருவரைத் தூக்கில் போடுவதா என்று கேட்கிறார்கள். இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஒரு நூலும் ஒரு துண்டு ஒட்டுநாடாவும் உண்மையில் என்ன சொல்ல முடியும், எதைச் சொல்ல முடியாது என்பது தெரிந்தால்தான் இந்த வாதத்துக்கு விடை கிடைக்கும்.

தொட்டால் ஒட்டும்

பிரான்சின் லியோன் நகரில் 1910ல் காவல்துறைக்காகச் சிறிய ஆய்வுக்கூடம் ஒன்றைத் தொடங்கியவர் எட்மண்ட் லொக்கார்ட். இரு பொருள்கள் உரசிக்கொண்டால் ஒன்றின் சிறு பகுதி மற்றொன்றில் தங்கும் என்ற அவரது கருத்தே இன்றைய தடயவியலின் அடித்தளம். துணி விஷயத்தில் இது கண்கூடு. கம்பளி ஸ்வெட்டர் இழைகளைத் தாராளமாக உதிர்க்கும். பருத்தியும் உதிர்க்கும். வழவழப்பான நைலான் மழைச் சட்டை அவ்வளவாக உதிர்க்காது. வாங்கியதைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் செய்யாது.

ஒட்டிய இழை நிரந்தரமாக ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் பவுண்ட்சும் ஸ்மால்டனும் 1975ல் வெளியிட்ட ஆய்வுகளின்படி, உடையை அணிந்து நடமாடினால் நான்கு மணி நேரத்துக்குள் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இழைகள் விழுந்துவிடுகின்றன. நேரம் செல்லச் செல்ல மிஞ்சுவது மிகச் சில மட்டுமே.

இந்த உண்மை இரு பக்கமும் வெட்டும் கத்தி. ஒருவரது சட்டையில் பாதிக்கப்பட்டவரின் உடை இழைகள் ஏராளமாக இருந்தால், தொடர்பு அண்மையில், அழுத்தமாக நிகழ்ந்திருக்கலாம். ஒன்றும் இல்லையென்றால் தொடர்பே இல்லை என்று முடிவு கட்ட முடியாது. காலம் கடந்திருக்கலாம், உடை துவைக்கப்பட்டிருக்கலாம். ஒரே ஓர் இழை இருந்தால் அது நாற்காலி வழியாகவோ மூன்றாவது நபர் வழியாகவோ வந்து சேர்ந்திருக்கலாம். எத்தனை இழைகள், உடையின் எந்தப் பகுதியில், எத்தனை வகை என்ற கணக்கு அதனால்தான் முக்கியமாகிறது.

நாடாவே வலை

உதிரும் இழையை எப்படிப் பிடிப்பது? சுவிட்சர்லாந்தின் ஸூரிக் நகரக் காவல்துறையைச் சேர்ந்த மாக்ஸ் ஃபிரை-சுல்சர் 1951ல் ஓர் எளிய வழியைப் பரப்பினார். தெளிவான ஒட்டுநாடாவைத் துணியின் மீது அழுத்தி எடுத்தால் மேலே இருக்கும் இழைகள் எல்லாம் அதில் வந்துவிடும். அந்த நாடாவைத் தெளிவான பிளாஸ்டிக் தாளில் ஒட்டி, எந்த இடத்தில் எடுத்தது என்று எழுதி முத்திரையிட்டால் இழை இனி எங்கும் போகாது. இன்றும் உலகெங்கும் இதுவே வழக்கம். தீபாவளிச் சேலையில் ஒட்டிய பஞ்சை எடுக்க வீடுகளில் செல்லோ டேப்பைப் பயன்படுத்துவார்களே, அதே தந்திரம்தான்.

ஆய்வுக்கூடத்தில் அந்த இழைகள் நுண்ணோக்கியின் கீழ் செல்கின்றன. பருத்தி இழை முறுக்கிய நாடாவைப் போல் தெரியும். கம்பளியில் மீன் செதில் போன்ற அடுக்குகள் இருக்கும். பட்டு இழையைக் குறுக்கே வெட்டினால் ஏறக்குறைய முக்கோணமாக இருக்கும். நைலான், பாலியெஸ்டர் போன்ற செயற்கை இழைகள் தொழிற்சாலை அச்சின் வடிவத்தைத் தாங்கி வரும். அதன்பின் இரு இழைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் நுண்ணோக்கி, சாயத்தின் நிறத்தை ஒளி அலைகளாகப் பிரித்து அளக்கும் கருவி, அகச்சிவப்புக் கதிரால் வேதிப்பொருளைக் கண்டறியும் கருவி என்று சோதனை படிப்படியாகச் செல்கிறது. ஏதாவது ஒரு படியில் வேறுபாடு தெரிந்தால் அங்கேயே முடிவு: இரண்டும் ஒன்றல்ல. ‘இல்லை’ என்று சொல்வதில் இந்த அறிவியல் மிகவும் உறுதியானது.

‘ஆம்’ என்பதுதான் சிக்கல். சாயமிடாத வெள்ளைப் பருத்தி இழை ஒன்று கிடைத்தால் அது வேட்டியில் இருந்து வந்ததா, பள்ளிச் சட்டையில் இருந்தா, கைக்குட்டையில் இருந்தா என்று யாராலும் கூற இயலாது. ஜீன்ஸின் நீலப் பருத்தியும் அப்படியே. ஊரெல்லாம் இருக்கும் இழைக்குச் சான்று மதிப்பு மிகக் குறைவு. அரிதான இழைக்கே மதிப்பு.

அட்லாண்டாவின் பச்சைக் கம்பளம்

அரிதான இழை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவின் அட்லாண்டா வழக்கு உலகறிந்த எடுத்துக்காட்டு. 1979 முதல் 1981 வரை அந்நகரில் கறுப்பினச் சிறுவர்களும் இளையர்களுமாக இருபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். பல உடல்களில் மஞ்சள் கலந்த பச்சை நிற நைலான் இழைகள் கிடைத்தன. குறுக்குவெட்டில் அவற்றுக்கு இரண்டு நீண்ட மடல்களும் ஒரு குட்டை மடலும் இருந்தன. நிபுணர்களே அதிகம் பார்த்திராத வடிவம் அது.

உடல்களில் இருந்து இழைகள் எடுக்கப்படுவதை 1981 பிப்ரவரியில் ஒரு நாளிதழ் வெளியிட்டது. அதற்குப் பிறகு உடல்கள் பெரும்பாலும் ஆடையின்றி ஆறுகளில் மிதந்தன. தண்ணீர் தடயத்தைக் கழுவிவிடும் என்று கொலையாளி கணக்குப் போட்டிருக்க வேண்டும். போலிசார் ஆற்றுப் பாலங்களில் காவல் இருந்தனர். மே 22ஆம் தேதி அதிகாலை ஒரு பாலத்தின் அடியில் ஏதோ விழும் சத்தம் கேட்டது. அப்போது பாலத்தைக் கடந்த காரின் ஓட்டுநர் வேய்ன் வில்லியம்ஸ். இரண்டு நாள் கழித்து ஆற்றில் ஓர் உடல் கிடைத்தது.

வில்லியம்ஸின் படுக்கையறையில் பச்சைக் கம்பளம் விரித்திருந்தது. புலனாய்வாளர்கள் அந்த இழையைத் தயாரித்த நிறுவனத்தையும் கம்பளம் நெய்த நிறுவனத்தையும் தேடிப் பிடித்தனர். விற்பனைக் கணக்குகளை வைத்துப் பார்த்தபோது, அட்லாண்டா வட்டாரத்தில் 7,792 வீடுகளில் ஒன்றில்தான் அத்தகைய கம்பளம் விரித்த அறை இருக்கும் என்று மதிப்பிடப்பட்டது. கம்பள இழையோடு படுக்கை விரிப்பு, கார்த் தரைவிரிப்பு ஆகியவற்றின் இழைகளும் நாயின் முடியும் சேர்ந்து ஒத்துப்போயின. 1982 பிப்ரவரியில் இரண்டு கொலைகளுக்காக அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

இங்கே கவனிக்க வேண்டியது உண்டு. 7,792ல் ஒன்று என்பது கம்பளம் எவ்வளவு அரிது என்பதன் கணக்கு. அவர் நிரபராதியாக இருக்கும் வாய்ப்பின் கணக்கு அதுவல்ல. கேட்பவர் மனத்தில் இரண்டும் எளிதில் கலந்துவிடும். வில்லியம்ஸ் குற்றத்தைத் தொடர்ந்து மறுத்துவந்தார். எஞ்சிய வழக்குகளில் உள்ள சான்றுகளை மறுபடி ஆராய 2019ல் அட்லாண்டா நகரம் முடிவு செய்தது குறிப்பிடத்தக்கது.

ஸ்ரீபெரும்புதூரில் கிடைத்த துணி

தமிழர்கள் மறக்க முடியாத வழக்கு ஒன்றிலும் துணி பேசியது. 1991 மே 21ஆம் தேதி இரவு ஸ்ரீபெரும்புதூரில் நடந்த குண்டுவெடிப்பில் ராஜீவ் காந்தியும் மேலும் பலரும் உயிரிழந்தனர். குண்டு எங்கே இருந்தது? மேடையிலா, மாலையிலா, மண்ணிலா? அன்று யாருக்கும் தெரியவில்லை.

தமிழ்நாடு தடயவியல் துறையின் அப்போதைய இயக்குநர் டாக்டர் பி. சந்திரசேகரன் தலைமையிலான குழு சிதறிக் கிடந்தவற்றைப் பொறுக்கி அடுக்கியது. நீல டெனிம் துணித் துண்டுகள், ஒட்டிப் பிரிக்கும் வெல்க்ரோ பட்டை, மின்கம்பி, பச்சை, ஆரஞ்சு நிற உடைத் துணி. உடலில் காயங்கள் இருந்த விதத்தையும் இந்தத் துணிகளையும் சேர்த்துப் பார்த்தபோது, ஒரு பெண் தன் உடைக்குள் இடுப்பில் குண்டை அணிந்து வந்திருக்கிறார் என்ற முடிவு பிறந்தது. அங்கேயே உயிரிழந்த புகைப்படக்காரரின் கேமராவில் இருந்த படச்சுருள் அழியவில்லை. அதில் கையில் மாலையுடன் நின்ற பெண்ணின் உடையும் பச்சை, ஆரஞ்சு நிறத்தில்தான் இருந்தது.

துணி மட்டும் இருந்திருந்தால் அது வெறும் கந்தல். காயமும் படமும் சேர்ந்தபோதுதான் அது சாட்சியானது.

சுற்றிய டேப் சொல்லும் கதை

தடயத்தைப் பிடிக்கும் ஒட்டுநாடா, சில வழக்குகளில் தானே தடயமாகிறது. கையைக் கட்ட, வாயை அடைக்க, பெட்டியை மூட, போதைப்பொருள் பொட்டலத்தைச் சுற்ற என்று குற்றவாளிகள் அதிகம் நாடும் பொருள் அது. பெட்டி ஒட்டும் பழுப்பு டேப்பின் முதுகு பாலிப்ராப்பிலின். மின்வேலைக்கான கறுப்பு டேப் பிவிசி. சாம்பல் நிற ‘டக்ட் டேப்’பில் பிளாஸ்டிக்குக்கும் பசைக்கும் இடையே வலை போன்ற நெசவு இருக்கும், ஓர் அங்குலத்துக்கு எத்தனை இழை என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். பசையில் ரப்பரோடு சுண்ணாம்புத் தூள், துத்தநாகம் போன்றவை கலந்திருக்கும். இவற்றை அளந்தால் வீட்டில் கிடைத்த உருளையும் குற்றம் நடந்த இடத்தில் கிடைத்த துண்டும் ஒரே வகையா என்பது தெரியும்.

ஒரே வகை என்றால் ஒரே உருளை என்று பொருளல்ல. ஒரு தொழிற்சாலை ஒரே நாளில் ஆயிரக்கணக்கான உருளைகளைச் சுற்றுகிறது. ஆனால் கையால் கிழித்த முனை வேறு கதை. இரு முனைகளின் வளைவும் அறுந்த இழைகளும் பல்லும் பொட்டும் போல் பொருந்தினால், இழைச் சான்றால் எட்ட முடியாத உறுதியை அது எட்டுகிறது. கத்தரிக்கோலால் நேராக வெட்டிய முனையில் அத்தகைய அடையாளம் குறைவு. தவறு நேரும் வாய்ப்பும் கூடுதல்.

பசைப் பக்கம் ஒரு புதையல். டேப்பைப் பிரிப்பவர் விரல்ரேகையைப் பதிக்கிறார், தோலின் அணுக்களை விட்டுச் செல்கிறார். பல்லால் கடித்துக் கிழித்தால் எச்சிலும் இருக்கும். அதனால் ஆய்வில் வரிசை முக்கியம். முதலில் படம், பிறகு ஒட்டியிருக்கும் முடியும் இழையும், அடுத்து மரபணு, அதன்பின் விரல்ரேகைக்கான சாயம். வரிசை மாறினால் ஒன்றைத் தேடப் போய் மற்றொன்று அழியும்.

சிங்கப்பூரில் இதற்கு உயிர் விலை உண்டு. 15 கிராமுக்கு மேல் டயாமார்ஃபின் கடத்தினால் மரண தண்டனை விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. பொட்டலத்தைச் சுற்றிய டேப்பில் ஒருவரின் மரபணு இருந்தால் அவர் அந்த டேப்பைத் தொட்டார் என்பதற்கு அது வலுவான சான்று. உள்ளே என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியுமா என்ற கேள்விக்கு அதனால் மட்டும் விடை சொல்ல முடியாது. மரபணு இல்லை என்பதாலும் அவர் தொடவில்லை என்று ஆகிவிடாது, கையுறை போட்டிருக்கலாம். எஞ்சியதை மற்றச் சான்றுகளையும் சட்டத்தில் உள்ள அனுமானங்களையும் வைத்தே நீதிபதி முடிவு செய்ய வேண்டியுள்ளது.

வெட்டா, கிழிசலா?

முனையைப் பார்த்து வெட்டா கிழிசலா என்று சொல்லும் கலை சிங்கப்பூர் நீதிமன்றத்துக்குப் புதிதல்ல. 1963 ஆகஸ்ட் 27ஆம் தேதி சன்னி ஆங் என்பவர் தம் தோழியைச் சிஸ்டர்ஸ் தீவுகளுக்கு அருகே கடலில் முக்குளிக்க அழைத்துச் சென்றார். அவர் திரும்பவே இல்லை. உடலும் கிடைக்கவில்லை. அந்தப் பெண்ணின் பெயரில் பெருந்தொகைக்குக் காப்புறுதி இருந்தது. காலாவதியாகியிருந்த ஒரு விபத்துக் காப்புறுதியை ஆங் அன்றுதான் ஐந்து நாள்களுக்குப் புதுப்பித்திருந்தார்.

சில நாள் கழித்துக் கடலடியில் இருந்து காலில் மாட்டும் ரப்பர் துடுப்பு ஒன்று எடுக்கப்பட்டது. அதன் குதிகால் பட்டை அறுந்திருந்தது. கூர்மையான கருவியால் வெட்டப்பட்டது என்று அரசாங்க வேதியியல் துறை நிபுணர் சாட்சியமளித்தார். 1965 மே மாதம் ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. உடல் கிடைக்காமலேயே தீர்ப்பு வழங்கப்பட்ட அவ்வழக்கில் 1967 பிப்ரவரியில் ஆங் தூக்கிலிடப்பட்டார். ஆனால் பட்டை மட்டும் அவரைத் தண்டிக்கவில்லை. காப்புறுதி, கடன், அவர் தண்ணீரில் இறங்கித் தேடாதது எனப் பல சூழ்நிலைச் சான்றுகளில் அதுவும் ஒன்று.

இதே கேள்வி ஆஸ்திரேலியாவில் ஒரு தாயைச் சிறையில் தள்ளியது. 1980 ஆகஸ்ட் 17ஆம் தேதி உளுரு பாறைக்கு அருகே முகாமிட்டிருந்த லிண்டி சேம்பர்லினின் ஒன்பது வாரக் குழந்தையைக் காணவில்லை. டிங்கோ எனும் காட்டுநாய் தூக்கிப் போய்விட்டது என்றார் தாய். பின்னர் கிடைத்த குழந்தை உடையின் கிழிசல்களைப் பார்த்த அரசுத் தரப்பு நிபுணர், நாயின் பல் இப்படி வெட்டாது, இது கத்தரிக்கோலின் வேலை என்றார். காரில் குழந்தையின் இரத்தம் இருந்ததாகவும் சொல்லப்பட்டது. 1982ல் தாய்க்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

1986ல் குழந்தையின் மேல்சட்டை டிங்கோக்கள் நடமாடும் இடத்தில் தற்செயலாகக் கிடைத்தது. தாய் விடுவிக்கப்பட்டார். பிறகு நடந்த விசாரணையில் டிங்கோவின் பல்லும் துணியைக் கத்தரிபோல் வெட்டக்கூடும் என்பதும், ‘இரத்தம்’ எனப்பட்டதில் காரின் இரைச்சலைக் குறைக்கப் பூசும் பொருள் இருந்தது என்பதும் தெரியவந்தன. 1988ல் தண்டனை ரத்தானது. குழந்தையை டிங்கோதான் கொன்றது என்று மரண விசாரணை அதிகாரி அறிவிக்க 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அங்கே துணி பொய் சொல்லவில்லை. துணி சொன்னதைவிட அதிகமாகச் சொன்னவர்கள் மனிதர்கள்.

நிபுணர் எங்கே நிறுத்த வேண்டும்?

அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகம் சார்பில் 2009ல் வெளியான அறிக்கை இதைத் தெளிவாக்கியது. ஓர் இழை இன்ன உடையில் இருந்து மட்டுமே வந்தது என்று அறுதியிட்டுச் சொல்ல இழையின் எந்தப் பண்பும் போதாது. ‘இந்த உடையில் இருந்து வந்திருக்கலாம்’ என்பதோடு நிபுணர் நிறுத்த வேண்டும். வந்திருக்கலாம் என்பது எவ்வளவு வலுவானது, இழை எவ்வளவு அரிது, வேறு எப்படி வந்திருக்கலாம் என்பதையும் அவர் நீதிமன்றத்தில் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் ஜூரி முறை 1970க்குப் பிறகு இல்லை. ஆகவே அந்தச் சொல்லை எடைபோடும் பொறுப்பு முழுவதும் நீதிபதிகளுடையது.

இங்கு இத்தகைய ஆய்வுகளில் பெரும்பங்கு, 2001ல் அமைக்கப்பட்ட சுகாதார அறிவியல் ஆணையத்தின் ஆய்வுக்கூடங்களுக்கு உண்டு. குற்றம் நடந்த இடத்துக்கு முதலில் செல்லும் போலிஸ் அதிகாரிகள் பயிற்சி பெறும் உள்துறைக் குழுப் பயிற்சிக் கழகமான ஹோம் டீம் அகாடமியோ பழைய சுவா சூ காங் சாலையில்தான் இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் எவ்வளவு சிறந்த கருவி இருந்தாலும், முதலில் உள்ளே நுழைபவர் காலடி வைக்கும் விதத்தில்தான் தடயத்தின் தலைவிதி இருக்கிறது.

அந்த முதல் ஆள் பெரும்பாலும் போலிஸ்காரர் அல்ல, வீட்டுக்காரர். திருட்டோ தாக்குதலோ நடந்த வீட்டில், போலிசார் வருவதற்குள் கூட்டிப் பெருக்கித் துடைத்து வைப்பது பல குடும்பங்களின் இயல்பு. வீடு அலங்கோலமாகக் கிடக்கிறதே என்ற கூச்சம்தான் காரணம். அதைச் செய்யாமல் 999ஐ அழைத்துவிட்டு வெளியே காத்திருப்பது நல்லது. தாக்கப்பட்டவரின் உடையைத் துவைக்கக் கூடாது. எடுத்து வைத்தே ஆக வேண்டிய நிலை வந்தால் ஒவ்வோர் உடையையும் தனித்தனிக் காகிதப் பையில் வைக்கலாம். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூசணம் பிடிக்கும். கட்டப்பட்டவரை விடுவிக்கும்போது டேப்பின் முனைகளைத் தொடாமல் நடுவில் வெட்டுவது நல்லது. வெட்டிய டேப்பைச் சுருட்டிக் குப்பையில் போடக் கூடாது. ஆனால் ஒருவருக்கு மூச்சுத் திணறினால் முனை, நடு என்று பார்க்க வேண்டியதில்லை. உயிருக்கு அடுத்ததுதான் தடயம்.

நூல் ஒன்று போதுமா என்ற கேள்விக்கு இனி இரு சாராரும் உடன்படக்கூடும். ஒருவரைச் சந்தேகிக்கவும், சந்தேகத்தில் இருந்து விடுவிக்கவும் சில நேரம் ஒரு நூல் போதும். தண்டிக்க ஒரு நூல் போதாது. பல நூல்களைத் திரித்தால்தான் கயிறு. அந்தக் கயிறு ஒருவரின் கழுத்துக்குப் போகும் நாட்டில், ஒவ்வொரு நூலையும் இழுத்துப் பார்த்தே திரிக்க வேண்டும்.